அலறலை நடுவில் நிறுத்தியவர்கள்

போன மாதம் எங்கள் வாசிப்புக் குழுவில் 'வீ இன்சிஸ்ட்!' ஆல்பத்தைப் போட்டேன். டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் 1960இல் நியூயார்க்கில் பதிவுசெய்தது. 'ஃப்ரீடம் நவ் சூட்' என்றும் சொல்வார்கள். மூன்றாவது பாடலில் ஏபி லிங்கன் அலறத் தொடங்கியதும் மூத்த எழுத்தாளர் ஒருவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "தம்பி, இது பிரச்சாரம். கலை இல்ல." எதிரே இருந்த நண்பன் விடவில்லை. "சார், அது கறுப்பின மக்களோட வலி. அதுக்கு மேல என்ன வேணும்?" மாமாக் கடையில் தே தாரிக் ஆறும்வரை இதே சண்டை.

இரண்டு பேருமே ஆல்பத்தைக் கேட்கவில்லை என்பதுதான் என் புகார்.

முதலில் சாருக்கு. பிரச்சாரத்தில் கருத்து முன்னால் ஓடும், வடிவம் மூச்சிரைக்கப் பின்னால் வரும். இங்கே அப்படியா இருக்கிறது? முதல் பாடல் 'டிரைவா மேன்', ஆஸ்கர் பிரவுன் ஜூனியர் எழுதியது, அடிமைகளை வேலைவாங்கும் கங்காணியைப் பற்றியது. (கங்காணி என்றதும் நமக்கு ரப்பர் தோட்டம் ஞாபகம் வரும். வேண்டாம், அடிமையும் ஒப்பந்தக் கூலியும் ஒன்றல்ல.) தாளம் ஐந்து. தக தகிட என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் எண்ணிக்கையிலும் ஓர் அடி விழும். லிங்கன் பாடி நிறுத்தினாலும் விழும், கோல்மன் ஹாக்கின்ஸ் சாக்ஸபோனை எடுத்தாலும் விழும். அது சாட்டை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, கொஞ்ச நேரத்தில் நம் உடம்பே அடுத்த அடிக்காகக் காத்திருக்கும். தாளக்காரர் தலைமையேற்றதன் பலன் இது. ஹாக்கின்ஸ் வாசிப்பில் ஓரிடத்தில் ரீட் கீச்சிடுகிறது. அதை அவர் சரிசெய்ய விடவில்லை. இந்த மாதிரிப் பாடலில் எல்லாம் பிசகில்லாமல் இருந்தால்தான் தப்பு என்பது அவர் கட்சி.

நீங்கள் நிறுத்தியது 'டிரிப்டிக்'. பிரார்த்தனை, எதிர்ப்பு, அமைதி என்று மூன்று துண்டு. ஒரு குரல், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். ஒரு சொல்கூடக் கிடையாது. சொல்லே இல்லாமல் பிரச்சாரம் எப்படிப் பண்ணுவது சார்? ஒரு நிமிடத்துக்கும் மேல் நீளும் அலறலுக்கு முன்னால் அடங்கிய முனகல், பின்னால் ஓய்ந்துபோன மூச்சு. அந்த மூச்சை நீங்கள் கேட்கவே இல்லை. இயந்திர அதிர்வை அளப்பது என் வேலை. சத்தம் பிடிக்கவில்லை என்று சென்சரைக் கழற்றுகிறவரை எங்கள் பக்கம் யாரும் ரசிகர் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது நண்பனுக்கு. நீ அட்டைப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டாய். உணவகக் கவுண்டரில் மூன்று கறுப்பின ஆண்கள், எதிரே வெள்ளைக்காரப் பணியாளர். 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்போரோ மாணவர்கள் நான்கு பேர் தொடங்கிய உள்ளிருப்புப் போராட்டத்தைச் சொல்லும் படம். கடைசிப் பாடலான 'டியர்ஸ் ஃபார் ஜோஹன்னஸ்பர்க்' ஷார்ப்வில்லுக்கான ஒப்பாரி. அதே ஆண்டு மார்ச் 21 அன்று போலீஸ் அங்கே சுட்டதில் அரசுக் கணக்குப்படியே 69 பேர் செத்தார்கள். தென்னாப்பிரிக்கா ஆல்பத்தைத் தடைசெய்தது. எல்லாம் சரி. ஆனால் அந்தக் கடைசிப் பாடலிலும் தாளம் ஐந்து என்பதைக் கவனித்தாயா? அமெரிக்க அடிமைத் தோட்டமும் ஷார்ப்வில்லும் ஒரே எண்ணிக்கையில் நடக்கின்றன. இதைக் கேட்காமல் வலி, வலி என்றால் எப்படி? காரணம் நியாயமானது என்பதற்காக மட்டமான கவிதைக்கும் கைதட்டும் நம் பழக்கத்துக்கு ரோச்சைத் துணைக்குக் கூப்பிடாதே. 'ஆல் ஆஃப்ரிக்கா'வில் இனக்குழுப் பெயர்களை அடுக்கும் பகுதி எனக்கு வெறும் பட்டியலாகத்தான் படுகிறது. ஒலாட்டுஞ்சியும் மற்றவர்களும் தாளத்தைப் பிடித்த பிறகே அதற்கு உயிர் வருகிறது. இப்படிச் சொன்னால் நான் போராட்டத்துக்கு எதிரியா?

அடுத்த கூட்டத்துக்கு ஸ்பீக்கரை நான் கொண்டுவருகிறேன். 'டிரிப்டிக்' எட்டு நிமிடம்தான். கையைத் தூக்காதீர்கள் சார். நீயும் ஃபோனைப் பைக்குள் வை.