மேலேறிய கிளப்பின் கதி என்ன?

கீழ் லீக்கில் ஜயித்து மேல் லீக்குக்கு வரும் ஒரு கால்பந்து கிளப் அடுத்த ஸீஸனில் எப்படி ஆடும் என்று ஜோஸ்யம் சொல்வதில் ரஸிகர்களுக்கு என்றும் உற்சாகம் உண்டு. முன்னணி ஆட்டக்காரர் எத்தனை கோல் போடுவார், பின்னணி எத்தனை தாக்குதலைத் தாங்கும், பயிற்சியாளர் கெட்டிக்காரரா என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கு தவறல்ல. ஆனால் நமது தேசத்தில் இதற்கு முன்பாகக் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று இருக்கின்றன. ஸீஸன் என்றைக்கு ஆரம்பமாகும்? ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்குமா? பெயர் தாங்கிய ஊரிலேயே ஆடுவதற்கு மைதானம் உண்டா? இவற்றுக்கு விடை தெரியாதவரையில், காலின் திறமையை மட்டும் பார்த்துச் சொல்லும் ஜோஸ்யம் பலிக்காது. பலித்தாலும் அது அதிர்ஷ்டமே தவிர வேறல்ல.

காசியின் பெயரைத் தாங்கிய இன்டர் காசி கிளப்பின் கதையைப் பார்ப்போம். 2023-ல் தோன்றிய கிளப் அது. இரண்டாவது ஸீஸனிலேயே, 2024-25 ஐ-லீக்கில், முதலிடத்துக்குப் போட்டியிட்டது. 2025 ஏப்ரலில் ஆட்டங்கள் முடிந்தபோது சர்ச்சில் பிரதர்ஸுக்கு 40 புள்ளிகள், காசிக்கு 39. ஆனால் நாம்தாரி கிளப்புடன் நடந்த ஓர் ஆட்டத்தில், ஆடத் தகுதியில்லாத ஒருவரை எதிர்க் கோஷ்டி இறக்கியது என்ற புகார் அப்போதே விசாரணையில் இருந்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒரு கமிட்டி ஒன்று சொல்ல, இன்னொரு கமிட்டி அதை மாற்றிச் சொல்லிற்று. கோப்பை சர்ச்சில் கையில் கொடுக்கப்பட்டது. கடைசியில் வழக்கு ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரத்திலுள்ள விளையாட்டு மத்தியஸ்தக் கோர்ட்டுக்குப் போயிற்று. 2025 ஜூலை 18-ந் தேதி அந்தக் கோர்ட், காசியே சாம்பியன் என்று தீர்ப்பளித்தது. ஏப்ரலில் மைதானத்தில் முடியவேண்டிய காரியம் ஜூலையில் அயல்நாட்டுக் கோர்ட்டில் முடிந்தது.

தீர்ப்பு வந்துவிட்டதே, இனிச் சந்தோஷந்தானே என்று வாசகர்கள் நினைக்கலாம். அதுதான் இல்லை. அந்தத் தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜூலை 11-ந் தேதி, இந்தியன் சூப்பர் லீக்கையே நிறுத்தி வைத்திருப்பதாக அதை நடத்தும் கம்பெனி அறிவித்துவிட்டது. சம்மேளனத்துக்கும் கம்பெனிக்கும் 2010-ல் ஏற்பட்ட 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதிய ஒப்பந்தம் ஏற்படவில்லை. பிறகு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் பார்த்தபோது ஒருவர்கூட விலை கேட்டு வரவில்லை. 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டு மந்திரியே முன்வந்து, பிப்ரவரி 14-ந் தேதி லீக் ஆரம்பமாகும் என்று சொல்லவேண்டியதாயிற்று. வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் ஸீஸன் அது. 14 கிளப்புகள் ஒன்றையொன்று ஒரே முறை சந்திக்கும் 91 ஆட்டங்களாக அது சுருங்கியது. மேல்மாடிக்கு ஏறிவா என்று அழைத்துவிட்டு, ஏறி வந்தவனிடம் வீட்டையே பூட்டிவிட்டோம் என்று சொன்ன கதைதான்.

இப்படிப்பட்ட நிலைமையில் ஒரு கிளப் எப்படித் தயாராவது? ஆட்டம் என்று என்பது தெரியாமல் எந்த ஆட்டக்காரருடன் ஒப்பந்தம் செய்வது? செய்தால், ஆடாத மாதங்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது? பழைய பெரிய கிளப்புகளுக்குக் கையிருப்பு உண்டு. ரஸிகர் கூட்டம் உண்டு. ஒரு வருஷ நஷ்டத்தைச் சமாளித்துக்கொள்ளலாம். புதிதாக வந்தவனுக்கு அந்த வசதி ஏது? தாமதத்தின் சுமை எல்லோர்மீதும் சமமாக விழுவதாகத் தோன்றும். உண்மையில் அது கடைசியாக வந்தவன் தலையில்தான் அதிகமாக விழுகிறது.

மேலேறும் கிளப்புக்குக் கதவு அடைபடுவது நமது தேசத்தில் புதிய விஷயமுமல்ல. 1911-ல் மோஹன் பகான் கோஷ்டி ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாளத்தாரை 2-1 என்று தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது. தேசமே குதூகலித்தது. ஆனால் கல்கத்தா லீக்கின் முதல் டிவிஷனில் அந்தக் கிளப்புக்கு இடம் கிடைக்க மேலும் சில வருஷங்கள் ஆயின. அதற்குப் பிறகும், முதல் டிவிஷனில் இந்தியக் கிளப்புகள் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். மைதானத்தில் ஜயித்தாலும் எண்ணிக்கையில் தோற்கவேண்டும்! ஈஸ்ட் பெங்கால் கிளப் கிளர்ந்தெழுந்த பிறகே அந்த விதி ஒழிந்து, 1925-ல் அது முதல் டிவிஷனில் கால்வைத்தது.

கதவு திறந்தபின் என்ன நடந்தது என்பதை 1934 காட்டிற்று. அவ்வருஷந்தான் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்தது. வந்த வருஷத்திலேயே லீக்கை ஜயித்தது. அதற்குமுன் எந்த இந்தியக் கிளப்பும் அதை ஜயித்ததில்லை. 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து வென்றது. 1940-ல் டுராண்டு கோப்பையையும் பட்டாளத்தாரிடமிருந்து பறித்துக்கொண்டது. இதை அற்புதம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அற்புதம் அல்ல, தயாரிப்பு. கிளப்பின் நிர்வாகிகள் உள்ளூர் ஆட்டக்காரர்களோடு நின்றுவிடாமல் பெங்களூர் போன்ற தூரத்து ஊர்களிலிருந்தும் ஆட்களைத் தேடிக்கொண்டுவந்தார்கள். மழைக்காலத்தில் சேற்றில் வெறுங்காலோடு வழுக்கி விழுந்துகொண்டிருந்த இந்தியக் கோஷ்டிகளின் வழக்கத்தை விட்டு, ஈரத் தரையில் பூட்ஸ் அணிந்து ஆடப் பழக்கினார்கள். கல்கத்தாவில் கால்பந்து மழைக்கால ஆட்டம். இந்த ஒரு மாறுதலால் பாதி வித்தியாசம் தீர்ந்தது. ஸீஸன் எப்போது, மைதானம் எங்கே என்பது அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகவே அவர்கள் ஆட்டத்தைப் பற்றி மட்டும் யோசிக்க முடிந்தது.

அதே முகம்மதன் ஸ்போர்ட்டிங் 90 வருஷங்களுக்குப் பிறகு மறுபடி ஏணியில் ஏறிற்று. 2024 ஏப்ரலில் ஐ-லீக்கை வென்று, 2024-25 ஸீஸனில் இந்தியன் சூப்பர் லீக்குக்கு வந்தது. 1934 திரும்பும் என்று ஆசைப்பட்டவர்கள் உண்டு. ஆரம்பமும் மோசமில்லை, செப்டம்பரில் சென்னைக்கே வந்து சென்னையின் எப்.ஸி.யை 1-0 என்று தோற்கடித்தது. அதன் பிறகு? கிளப்பை வைத்திருந்தவர்களுக்கும் பணம் போட வந்தவர்களுக்கும் இடையே பங்குகளைப் பற்றி இழுபறி. சம்பளம் பாக்கி நின்றது. ஆட்டக்காரர்கள் பயிற்சிக்குப் போக மறுத்தார்கள். கோப்பை வாங்கிக் கொடுத்த ருஷ்யப் பயிற்சியாளர் ஆந்த்ரே செர்னிஷோவ் ஸீஸன் நடுவிலேயே விலகினார். 24 ஆட்டங்களில் 2 ஜயம், 13 புள்ளிகள், 13 கிளப்புகளில் 13-வது இடம். முதலிடம் பெற்ற மோஹன் பகானுக்குக் கிடைத்த புள்ளிகள் 56. வயிறு காய்ந்தவனைப் பார்த்து ஏன் ஓடவில்லை என்று கேட்பதில் நியாயமில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே பஞ்சாப் எப்.ஸி.யின் உதாரணம் இருக்கிறது. 2022-23-ல் ஐ-லீக்கை வென்று, ஜயத்தின் உரிமையால் சூப்பர் லீக்குக்குள் முதன்முதலாக வந்த கிளப் அது. முதல் வெற்றிக்கு டிசம்பர் வரை காத்திருந்தது. ஆனாலும் கலையவில்லை. 12 கிளப்புகளில் 8-வதாக முடித்தது. பின்னர், தான் நடத்தும் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த இளைஞர்களை மைதானத்தில் இறக்கிற்று. இது பிரமாதமான வெற்றியல்ல. ஆனால் கௌரவமான ஆரம்பம். மேலேறிய கிளப்பிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவுதான். ஒன்று மட்டும் குறை. பெயர் பஞ்சாப், சொந்த மைதானமாக ஆடியது டில்லியில். காசிக் கிளப்பும் ஐ-லீக் ஆட்டங்களைக் கங்கைக் கரைக் காசியில் ஆடவில்லை. வங்காளத்துக் கல்யாணியில் ஆடிற்று. ஊரில்லாத கிளப்புக்கு ரஸிகர் எங்கிருந்து வருவார்? ரஸிகர் இல்லாத கிளப்புக்கு டிக்கெட் வருமானம் எங்கிருந்து வரும்? முடிவில் ஒரு முதலாளியின் நல்லெண்ணத்தை நம்பியே காலந்தள்ள வேண்டியதாகிறது.

ஏறி வந்தவன் விழுவது எங்கும் சகஜந்தானே என்று சிலர் கூறுவார்கள். வாஸ்தவம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 2023-24-ல் ஏறி வந்த லூட்டன், பர்ன்லி, ஷெபீல்டு யுனைடெட் மூன்றும் அவ்வருஷமே இறங்கின. 2024-25-ல் லெஸ்டர், இப்ஸ்விச், சவுதாம்ப்டன் மூன்றும் அப்படியே. சவுதாம்ப்டன் 38 ஆட்டங்களில் எடுத்தது 12 புள்ளிகள். 1962-ல் இப்ஸ்விச்சும் 1978-ல் நாட்டிங்காம் பாரஸ்டும், ஏறி வந்த முதல் வருஷமே சாம்பியன் பட்டம் பெற்ற காலம் மலையேறிவிட்டது. பணத்தின் வித்தியாசம் அங்கே அவ்வளவு வளர்ந்துவிட்டது. ஆனால் அங்கே விழுகிறவன் மெத்தையில் விழுகிறான். டெலிவிஷன் வருமானத்தில் அவனுக்குப் பங்கு உண்டு. இறங்கிய பிறகும் சில வருஷங்கள் லீக்கே பணம் கொடுத்துத் தாங்குகிறது. ஆட்டம் எந்தத் தேதியில் என்பது மாதக்கணக்கில் முன்பே தெரியும். அங்கே தோல்வி ஆட்டத்தின் தோல்வி. இங்கே நிர்வாகத்தின் தோல்வியை ஆட்டக்காரன் கணக்கில் எழுதுகிறோம்.

இன்னொரு வாதமும் உண்டு. சூப்பர் லீக்கை 2014-ல் ஆரம்பித்தபோது பெருந்தொகை கட்டி உள்ளே வந்தவர்கள், நஷ்டத்தைத் தாங்கி நடத்தியவர்கள். அவர்களைக் கீழே இறக்குவது நியாயமா என்கிறார்கள். பணம் போட்டவர்களின் சிரமத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் 2019-ல் கோலாலம்பூரில் ஆசியக் கால்பந்து சம்மேளனம் முன்னிலையில் ஒரு திட்டம் வகுத்தார்கள். 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன், கட்டணமில்லாமல் மேலே வரவேண்டும். 2024-25 முதல் ஏற்றம் இறக்கம் இரண்டும் இருக்கவேண்டும் என்பது அந்தத் திட்டம். முதல் பாதி நடந்தது. இரண்டாம் பாதி 2024-25-ல் நடக்கவில்லை. கடைசியில் வந்த கிளப்பும் அப்படியே இருந்தது. மேலே வருபவர் உண்டு, கீழே போகிறவர் இல்லை என்றால் லீக் ரயில் வண்டியைப் போல் நீண்டுகொண்டே போகும். கடைசி இடத்துக்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் அர்த்தமில்லாமல் போகும். கீழே உள்ள ஊர்களில் ஆடும் பையனுக்கு நம்பிக்கை தருவது ஏற்றம். மேலே உள்ள நிர்வாகிக்குப் பயம் தருவது இறக்கம். நம்பிக்கையும் பயமும் இரண்டும் வேண்டும்.

ஆகவே மேலேறும் கிளப்பின் வருங்காலத்தைப் பற்றி நாம் சொல்லக்கூடிய ஜோஸ்யம் இதுதான். ஆறு மாதத்துக்கு முன்பே ஆட்டத் தேதிகள் நிச்சயமாகி, ஒரு வருஷச் சம்பளத்துக்கு ஈடாக ஜாமீன் கட்டி, சொந்த ஊரில் ஒரு மைதானத்தையும் பெற்று வருகிற கிளப், முதல் வருஷத்தில் நடு இடத்துக்கு வரும்; மூன்றாம் வருஷத்தில் பெரிய கிளப்புகளை மிரட்டும். இவை இல்லாமல் வருகிற கிளப், எத்தனை பெரிய பெயரானாலும், எத்தனை நல்ல பயிற்சியாளரானாலும், கடைசி வரிசையில்தான் நிற்கும்.

சம்மேளனம் செய்யவேண்டியது அதிகமில்லை. கீழ் லீக்கின் புகார்கள் எல்லாவற்றையும் கடைசி ஆட்டத்துக்குமுன் தீர்த்துவிடட்டும்; அயல்நாட்டுக் கோர்ட்டுக்கு வேலை வைக்கவேண்டாம். ஜாமீன் கட்டாத கிளப்பை, பழையதோ புதியதோ, ஆடவிடாதிருக்கட்டும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே நாளில் தேதி குறிக்கட்டும். குறித்த பிறகு எந்த முதலாளிக்காகவும் மாற்றாதிருக்கட்டும். மாகாண சர்க்கார்கள் தங்கள் மைதானங்களை அந்தந்த ஊர்க் கிளப்புக்கு நியாயமான வாடகைக்கு விடட்டும்.

இந்தியக் கிளப்புகள் இரண்டுக்கு மேல் கூடாது என்று விதி வைத்தவர்கள் அந்நியர்கள். அந்த விதியை உடைக்க நம்மவர் வருஷக்கணக்கில் போராடினார்கள். இப்போது லீக் நம்முடையது, சம்மேளனம் நம்முடையது, விதி செய்பவர்களும் நம்மவர்களே. மைதானத்தில் ஜயித்த கோஷ்டியைக் கோர்ட்டு வாசலிலும், சம்பளம் வாங்கவேண்டிய ஆட்டக்காரனை முதலாளி வாசலிலும் நிறுத்திவைத்தால், அந்தப் பழிக்கு இனி அந்நியனைக் காரணம் காட்ட முடியாது.