வெறி என்று எழுதாதே, இரத்தத்தை அளந்து எழுது



"ஆள் நல்ல வெறி. குழிக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தான்."

சிரட்டைக்கரிக் குழியைத் திறக்கும்போது மயங்கி விழுந்த எங்கள் அங்கத்தவர் ஒருவரைப் பற்றித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொன்னது இது. டிராக்டரில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரலில் கிளிப்பை மாட்டினார்கள், 98 காட்டியது. ஒட்சிசன் நன்றாக இருக்கிறது என்று மறுநாளே அனுப்பிவிட்டார்கள். டயக்னோசிஸ் கார்டில் மயக்கம் என்று ஒரே ஒரு சொல். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் தன் சம்பளக் காசை எண்ணத் தெரியாமல் எங்கள் முன்னால் நின்றார். அன்றைக்கு அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. குடித்திருந்தாலும் புகைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

மூடிய குழிக்குள் காற்றுப் போதாமல் சிரட்டை கனியும்போது காபனோரொட்சைட்டு வருகிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், உளறல் எல்லாம் வரும். பார்ப்பவனுக்கு வெறிகாரன் மாதிரித்தான் தெரியும். தப்பிப் பிழைத்தவருக்கும் சில வாரம் கழித்து மறதியும் நடைக் கோளாறும் வரலாம். சாதாரண விரல் கிளிப்புக்கோ, ஒட்சிசன் ஏறிய இரத்தமும் இந்த நஞ்சு ஏறிய இரத்தமும் ஒன்றுதான். சாகக் கிடப்பவனுக்கும் 98 காட்டும். உண்மையைச் சொல்வது இரத்தத்தை எடுத்துக் காபனோரொட்சைட்டின் அளவைப் பார்க்கும் சோதனை மட்டுமே.

அதற்கும் நேரம் காத்திருக்காது. வெறும் காற்றைச் சுவாசித்தால் நாலைந்து மணித்தியாலத்தில் அந்த அளவு பாதியாகிவிடும். முகமூடி வைத்து ஒட்சிசன் கொடுத்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள்ளேயே பாதி. டிராக்டர் தேடி அலைந்து, வாசலில் காத்திருந்து, மறுநாள் காலையில் சோதித்தால் என்ன மிஞ்சும்? ஒட்சிசனைத் தாமதப்படுத்தச் சொல்லவில்லை. அதை உடனே கொடுங்கள். கொடுக்கும்போதே ஒரு குழாய் இரத்தத்தையும் எடுத்து, எடுத்த நேரத்தையும் எழுதுங்கள் என்கிறோம்.

ஏன் இந்தப் பிடிவாதம்? 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் நேர்ந்த விபத்துக்கு முதலாளி பொறுப்பு என்கிறது. குடிபோதையால் வந்த காயத்துக்கு மறுக்கவும் அதே சட்டம் வழி விடுகிறது. கணக்கப்பிள்ளையின் வாயில் "வெறி" என்ற சொல் சும்மா வரவில்லை! அந்தச் சொல்லுக்கு எதிராக வைக்க எங்களிடம் என்ன இருக்கிறது? "மயக்கம்" என்று எழுதிய ஒரு கடதாசி.

லயத்தில் தீப்பிடித்தால் கதை இன்னும் மோசம். ஸ்பொஞ்ச் மெத்தையும் நைலோன் துணியும் எரியும் புகையில் ஐதரசன் சயனைட்டு இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கில் நஞ்சு என்று எங்கள் பாட்டிமார் பயந்தது இந்தச் சயனைட்டுக்குத்தான். இரத்தத்தில் இதை அளந்து முடிவு வருவதற்குள் ஆள் போய்விடலாம். ஆனால் வழி இருக்கிறது. பாரிஸ் நகரில் தீயணைப்புப் படையோடு போன வைத்தியர்கள் தீ நடந்த இடத்திலேயே இரத்தம் எடுத்தார்கள். பெரிய தீக்காயம் இல்லாமல் புகையைச் சுவாசித்தவருக்கு லக்டேற்று 10 மில்லிமோலுக்கு மேல் ஏறியிருந்தால் சயனைட்டைச் சந்தேகிக்கலாம் என்று 1991 இலேயே எழுதிவைத்தார்கள். லக்டேற்று முடிவு நிமிடக் கணக்கில் வரும். மாற்று மருந்தும் உண்டு, அது விற்றமின் பி12 இன் ஒரு வகை.

அளவு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் போபாலில் கேளுங்கள். அங்கே வந்தது புகையல்ல, யூனியன் கார்பைட் ஆலையின் நச்சு வாயு, 1984 டிசம்பரில். உடலில் சயனைட்டு நஞ்சும் ஏறியதா என்று வைத்தியர்கள் சண்டை பிடித்தார்கள். பிரேத பரிசோதனை செய்த ஹீரேஷ் சந்திரா இரத்தத்தின் சிவப்பைப் பார்த்து ஏறியது என்றார். தயோசல்பேற்று ஊசி போட்டுச் சிறுநீரில் அளந்து பார்த்த மக்கள் கிளினிக்குக்குள் 1985 இல் பொலிஸ் புகுந்து பதிவேடுகளை அள்ளிக்கொண்டு போனது. கொப்பியை ஏன் அள்ளினார்கள் என்று யோசியுங்கள். பிறகு நட்டஈடு என்று வந்தபோது பெரும்பாலானோருக்குக் கிடைத்தது 25,000 இந்திய ரூபாய்.

மெஷின் விலை கூட என்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருக்கும் இரத்த வாயு இயந்திரங்கள் பலவற்றில் காபனோரொட்சைட்டும் லக்டேற்றும் ஒன்றாகவே வரும். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை எந்த ஆசுப்பத்திரியில் அது இருக்கிறது, இரவில் யார் இயக்குவார் என்று சுகாதார அமைச்சு எழுத்தில் சொல்லட்டும். இந்தக் கரையில் புகை என்றால் எல்லோரும் நுரைச்சோலைக் குழாயைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும். எங்கள் காலடியில் உள்ள குழியையும் கொப்பரா அடுப்பையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

மயங்கி விழுந்தவரைத் தூக்கக் குழிக்குள் யாரும் இறங்காதீர்கள், இரண்டாவது ஆளும் விழுவார். வெளிக்காற்றுக்கு இழுத்து, விழுந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் "கரிக்குழிப் புகை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இரத்தச் சோதனையைக் கேளுங்கள். டயக்னோசிஸ் கார்டைத் துரையிடம் கொடுக்க முன்னர் அதன் போட்டோப் பிரதியைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள்.