பாக்கிக்குப் பூட்டிய பெட்டி

ஜூன், ஜூலை என்றால் சித்தூரில் மாம்பழ சீசன். தோத்தாபுரி - தமிழ்நாட்டில் பெங்களூரா - கூழாகி, டின்களில் அடைபட்டு வெளிநாடு போகும். அந்த நேரம் பார்த்து ஓர் ஆலை தன் இணையதள வாடகையைக் கட்ட மறந்தால்? ஹோஸ்டிங் நிறுவனம் கணக்கை முடக்கும். நியாயம்தான். ஆனால் ஆர்டர் கேட்டு வரும் ஈமெயில்? திருப்பதி லாட்ஜில் அறை கேட்டு எழுதும் பக்தருக்குப் பாக்கி விவகாரம் தெரியுமா?

படுமோசமான வழி, கடிதத்தைச் சத்தமில்லாமல் விழுங்குவது. அனுப்பியவர் பதிலுக்குக் காத்திருப்பார். '550' என்று ஒரேயடியாக மறுப்பது அதைவிட நேர்மை. அவருக்கு உடனே தெரிந்துவிடும். '450' என்றால் 'பிறகு வா'. அனுப்பும் சர்வர் வழக்கமாக நான்கைந்து நாட்கள் விடாமல் கதவைத் தட்டும். பாக்கி கட்ட அந்த அவகாசம் போதும். பிறகும் கட்டாவிட்டால் 550. ஸ்பாம் அனுப்பியதற்காக முடக்கினால், வெளியே போவதை நிறுத்தினால் போதாதா?

பாக்கியே இல்லாதவர்களும் தப்புவதில்லை. ஐரோப்பிய யூனியன் தடையை அடுத்து, 2025 ஜூலையில் நயாரா எனர்ஜியின் ஈமெயிலை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. முழுப் பணமும் கட்டியிருப்பதாகச் சொன்ன நயாரா, டெல்லி உயர் நீதிமன்றம் போனது. ஜூலை முடிவதற்குள் சேவை திரும்பியது.

சித்தூர் ஆலை அவ்வளவு தூரம் போகாது. பணம் கட்டச் சொல்லும் எச்சரிக்கையாவது முடக்கப்பட்ட அதே முகவரிக்குப் போகாமல், உரிமையாளரின் போனுக்கு வரவேண்டும்.