செல்லாக்காசு

ஜெயித்த ராஜா காசு அடிப்பார். தோற்றவன்? அந்தக் காசிலேயே உப்பு, புளி வாங்குவான்.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் உட்கார்ந்து ஆண்ட சோழர்களின் காசைப் பாருங்கள். புலி, பக்கத்திலேயே மீனும் வில்லும். 'பாண்டியனையும் சேரனையும் கவனித்தாகிவிட்டது' என்று அர்த்தம். அந்தக் காலத்துக் கட்-அவுட்!

யுத்தத்தை நக்கலடிக்கவும் காசு அடித்திருக்கிறார்கள். 1790-களில் லண்டனில் தாமஸ் ஸ்பென்ஸ் என்றொரு புத்தகக் கடைக்காரர். ஊரில் சில்லறைத் தட்டுப்பாடு. கடைக்காரர்களே செம்பில் டோக்கன் அடித்துக்கொண்டார்கள். (நம்மூரில் பாக்கிச் சில்லறைக்குச் சாக்லேட் நீட்டுகிறார்களே, அதற்கு மூத்த அண்ணன்.) பிரான்ஸோடு சண்டை வேறு. கடற்படைக்கு ஆள் போதாமல், தெருவில் போகிறவனை உதைத்து இழுத்துப் போனார்கள். ஸ்பென்ஸ் 1795-ல் அந்தக் காட்சியையே டோக்கனில் போட்டு, 'பிரிட்டிஷ் சுதந்திரம் பாரீர்!' என்கிற பாணியில் எழுதிவிட்டார். இத்தனைக்கும் முந்தின வருஷம்தான் விசாரணையே இல்லாமல் ஏழு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்த மனுஷன்!

நோட்டீஸ் அடித்தால் கொளுத்திவிடலாம். செம்பு எரியாதே! டோக்கன் சேர்க்கும் பைத்தியங்களும் அப்போதே இருந்தார்கள். அவர்களுக்காக ஸ்பென்ஸே கேட்டலாக்கும் போட்டார்.

அவை நம் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது என்கிறீர்களா? தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் குடையுங்கள். 1943-லிருந்து வந்த ஓட்டைக் காலணா கிடைக்கலாம். இரண்டாம் உலக யுத்தத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க, சர்க்கார் நடுவில் ஓட்டை போட்டது. 'யுத்தம் வந்தால் உன் காசுக்குத்தான் முதல் ஓட்டை' என்பதை எழுத்தே இல்லாமல் சொன்ன காசு அது. அடித்தவர்களுக்கே நக்கல் புரிந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. 'வயலில் உழும்போது கிடைத்தது சார்' என்று யாராவது சோழர் காசை நீட்டினால், பர்ஸைத் திறக்காதீர்கள். போலியென்றால் பணம் போச்சு. அசல் என்றால் அதைவிட வம்பு: 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பெரம்பலூர்க்காரர்களுக்கு ஒரு டோக்கன் பாக்கி இருக்கிறது. ஆற்காட்டு நவாப் நாற்காலி சந்தா சாகிப்புக்கா, முகம்மது அலிக்கா என்று 1751-ல் வாலிகண்டபுரம் பக்கம் சண்டை. ஒருவருக்குப் பிரெஞ்சுக்காரன் துணை, இன்னொருவருக்கு இங்கிலீஷ்காரன். யாராவது அடிப்பதானால் டிசைன் இதோ: ஒரு பக்கம் இரண்டு நவாப், ஒரே நாற்காலி. மறுபக்கம் மிதிபட்ட கம்பங்கொல்லை.

கொல்லைக்காரன் படம் வேண்டாம். அவனை யார் கேட்டார்கள்?