பொறி மருந்தாகாது

ஹெப்பகோடியில் நம் வங்கிக்கு வரும் தமிழ் வாடிக்கையாளர்களில் பலர் பொம்மசந்திராவிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பணிபுரிவோர். ஆயினும் அவர்களுள் பாதிப்பேரின் பேச்சு மழையைப் பற்றியே இருக்கும். ஓசூரைக் கடந்தால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் தந்தையோ தமையனோ கவனித்துக்கொள்ளும் மாந்தோப்பும் கொய்யாவும் மாதுளையும் உண்டு. ஊர்க் கிளையில் பயிர்க்கடனும் உண்டு.

அத்தகைய வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் கடன் வரம்பை உயர்த்த இயலுமா என்று கேட்டார். "பொறி வைத்தாயிற்று சார், அந்துப்பூச்சியும் நிறைய விழுகிறது. ஆனாலும் கொய்யா சொத்தையாகிறது. மருந்துக்கே பணம் போதவில்லை" என்றார். வணிகவியல் படித்த நமக்கு அன்று விடை தெரியவில்லை. தோட்டக்கலை அறிந்தோரிடம் கேட்டபின் தெரிந்தது. அவர் ஏமாற்றப்படவில்லை, மாந்தோப்பில் கற்ற பாடத்தைக் கொய்யாவுக்கும் பொருத்திவிட்டார், அவ்வளவே.

மாம்பழத்தைக் கெடுக்கும் பழ ஈக்கு வைப்பது மெத்தில் யூஜினால் பொறி. துளசியிலும் உள்ள இப்பொருளின் வாசம் ஆண் ஈக்களை நெடுந்தொலைவிலிருந்தும் இழுத்துவிடும். நஞ்சு கலந்து போதிய எண்ணிக்கையில் வைத்தால் ஆண் ஈக்கள் பெரும்பாலும் மடிந்து, பெண் ஈக்கள் துணையின்றி நிற்கும். 1960களில் பசிபிக் கடலிலுள்ள ரோட்டா தீவில் இம்முறையாலேயே பழ ஈயை அடியோடு ஒழித்தனர். அங்கே பொறியே மருந்து.

அந்துப்பூச்சியின் கதை வேறு. அதற்கு வைப்பது பெண் அந்து வெளியிடும் மணத்தைச் செயற்கையாகச் செய்து ரப்பர்க் குப்பியில் ஏற்றிய இனக்கவர்ச்சிப் பொருள். கடைகளில் 'லூர்' என்று கேட்டால் கிடைக்கும். இத்தகைய மணம் முதன்முதலில் இனங்காணப்பட்டது, ராமநகரச் சந்தைக்குக் கூடுகூடாக வருகிறதே, அந்தப் பட்டுப்பூச்சியிடம்தான். 1959இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் புட்டநாண்ட் ஏறத்தாழ 5 லட்சம் பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் அளவே பிரித்தெடுத்தார். ஆனால் தோப்பில் தொங்கும் குப்பி, அங்கே பறக்கும் உண்மையான பெண் அந்துகளோடு போட்டியிட வேண்டும். விழுபவை ஆண்கள் மட்டுமே. தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு கூடும். முட்டையிடும் பெண் பொறியின் பக்கமே வருவதில்லை. ஆகவே பொறி நிறைந்தது கண்டு மகிழ்வது, கடன் நோட்டீசு வந்ததும் கடன் தீர்ந்தது என்று மகிழ்வதைப் போன்றது.

அப்படியானால் அப்பொறி எதற்கு? நாள் குறிப்பதற்கு. ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்து நம் நாட்டில் லடாக்கில் மட்டுமே உள்ளது. அதனோடு நெடுங்காலம் போராடிவரும் மேலைநாட்டுத் தோட்டக்காரர்கள் பொறியில் அந்து விழத் தொடங்கிய நாளைக் குறித்துக்கொள்கின்றனர். அன்றுமுதல் நாள்தோறும் வெப்பத்தின் அளவைக் கூட்டிவந்தால் முட்டை எப்போது பொரியும் என்பது தெரிந்துவிடும். புழு பொரிந்து காய்க்குள் நுழையும்முன் உள்ள சில நாட்களே மருந்துக்கு உரியவை. நுழைந்தபின் தெளிப்பது தோலின்மேல் படியும்; புழு உள்ளே பத்திரமாக இருக்கும். நம் வாடிக்கையாளர் சொத்தைக் காயைக் கண்டபின்பே தெளித்திருக்கிறார். மும்முறை தெளித்தும் பயனில்லாமற்போனதில் வியப்பில்லை.

எந்தப் பூச்சி என்று அறியாமல் லூர் வாங்குவதும் வீண். கொய்யாவைத் துளைப்பது பெரும்பாலும் மஞ்சள் இறகில் கரும்புள்ளிகள் கொண்ட சிறு அந்து. ஆமணக்கையும் இஞ்சியையும்கூட அது விடாது. ஆகையால் கொய்யாவின் ஓரத்தில் ஆமணக்கு வளர்ப்பது விருந்துக்கு அழைப்பதாகும். மாதுளையைத் துளைக்கும் முக்கியப் பகைவனோ பட்டாம்பூச்சி இனம். அந்துக்குரிய குப்பியை அது ஏறெடுத்தும் பாராது. இரவில் வந்து எலுமிச்சை, மாதுளைக் கனிகளில் ஊசிபோல் குத்திச் சாறுறிஞ்சும் பெரிய அந்தும் உண்டு. அதற்குப் புளித்த வெல்லப்பாகில் நஞ்சு கலந்து வைப்பது பழகிய முறை. அதன் புழு தோப்பில் வளர்வதில்லை, வேலியிலுள்ள சீந்தில் கொடியில் வளர்கிறது. கொடியைக் களைவதற்குக் கடன் எதுவும் வேண்டாம்.

நம் வங்கித் துறைமீதும் குறை உண்டு. பயிருக்கு ஏக்கர் கணக்கில் கடன் அளவு வரையறுக்கப்படும்போது பூச்சிமருந்தும் அதனுள் அடங்குகிறது. ரசீதைக் கேட்கிறோம், ஏன் தெளித்தீர்கள், எந்த நாளில் தெளித்தீர்கள் என்று கேட்பதில்லை. எண்ணாமல் தெளித்த மருந்துக்குக் கொடுத்த கடன், சொத்தைக் காயோடு சேர்ந்து சந்தையில் விலைபோகாமல் திரும்புகிறது. அதன் வட்டி உழவர் தலையிலும் வாராக்கடன் நம் ஏட்டிலும் ஏறுகின்றன. மருந்துக்கு வரம்பை உயர்த்துமுன் பொறிக் கணக்கைப் பார்ப்பது கெடுபிடியாகத் தோன்றலாம். பார்க்காமல் கொடுப்பதே உழவருக்குச் செய்யும் தீங்கு என்பது நம் கருத்து.

வாரம் இருமுறை பொறியைத் திறந்து எண்ணி, தேதியோடு எழுதுவதற்குப் பள்ளிப்பிள்ளையின் பழைய நோட்டு போதும். குப்பியை உறையில் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும்; ஒரு பூச்சியின் குப்பியைத் தொட்ட கையால் மற்றொன்றைத் தொடலாகாது, மணம் கலந்துவிடும். எந்த எண்ணிக்கையில் தெளிக்கத் தொடங்குவது என்பதைப் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ, பெங்களூரைச் சேர்ந்தோர் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்திலோ கேட்டறியலாம். கடன் புதுப்பிக்க வரும்போது பட்டா, சிட்டாவோடு அந்த நோட்டையும் எடுத்துவாருங்கள்.