பன்னிரண்டாம் இலக்கச் சப்பாத்து

"காலுக்குத் தகுந்த செருப்பு, கூலிக்குத் தகுந்த உழைப்பு" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. இவ்விரண்டனுள் கூலியைப் பற்றிப் பேசாத மேடை மலையகத்தில் இல்லை. செருப்பைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்? நானும் பேசியவனல்லன். பணத்துடன் கடைக்குப் போனால் எவருக்கும் கிடைக்கும் பொருள் சப்பாத்து என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைத் திருத்தியவன் என் வகுப்பு மாணவன் ஒருவன்.

பத்தாம் தரத்தில் பயில்பவன், வயது பதினைந்து. வகுப்பறைக் கதவில் தலைகுனிந்தே நுழையும் நெடிய உருவம். கணிதத்தில் கெட்டிக்காரன். ஆயினும் அவனிடம் இரண்டு குறைகளைக் கண்டேன். வெள்ளைச் சப்பாத்தின் குதிப் பகுதியை மடித்து மிதித்துக்கொண்டு, செருப்பைப் போல இழுத்து இழுத்து நடப்பான். திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் பாடசாலைக்கு வரமாட்டான். சோம்பலும் ஒழுங்கீனமும் சேர்ந்த பிள்ளை என்று முடிவு கட்டி, ஒரு நாள் வகுப்பார் அனைவர் முன்னிலையிலும் கண்டித்துவிட்டேன். அவன் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. அடுத்த வாரம் திங்களுடன் செவ்வாயும் வரவில்லை.

வரவுப் பதிவேட்டை எடுத்துப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில்தான் சீருடையும் சப்பாத்தும் பார்வையிடப்படும்!

தாயாருக்குச் சொல்லியனுப்பினேன். கொழுந்து பறிக்கும் அந்த அம்மாள், அன்றைய அரைப்பேரை இழந்துவிட்டு வந்து நின்றார். தந்தை கொழும்பில் கடை வேலையாம். "காசில்லாம இல்லைங்க சேர். சீட்டுக் காசு எடுத்துத்தான் வச்சிருக்கேன். ரெண்டு டவுன்லயும் ஏறி எறங்கிட்டோம். எல்லாக் கடையிலயும் பத்தோட முடிஞ்சிருதுங்க. இவன் காலு பத்துக்குள்ள போக மாட்டேங்குது. அதான் பின்பக்கத்த மடிச்சுப் போட்டுக்கிறான்" என்றார்.

எனக்கு நாணமாயிருந்தது. பையனை அழைத்து, ஒரு தாளின்மேல் நிற்கச் செய்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்து அளந்தேன். பதினொன்றே முக்கால் அங்குலம்!

சப்பாத்தின் இலக்கம் எவ்வாறு அமைகிறது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. நாம் பின்பற்றும் ஆங்கில முறையின் அடிப்படை ஒரு வாற்கோதுமை மணி. மூன்று மணிகளை நீளவாட்டில் அடுக்கினால் ஓர் அங்குலம் என்பது பழைய கணக்கு. ஆகவே ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. குழந்தைகளின் இலக்கம் 13 வரை சென்று, மறுபடியும் 1இல் இருந்து பெரியவர்களின் இலக்கம் தொடங்கும். ஐரோப்பிய முறையில் ஒவ்வொரு படியும் சென்றிமீற்றரில் மூன்றில் இரண்டு பங்கு. அதனாலேயே ஒரே சப்பாத்தில் 12 என்றும் 47 என்றும் இரண்டு எண்கள் காணப்படுகின்றன. இக்கணக்கின்படி பத்தாம் இலக்கச் சப்பாத்தைத் தைக்கும் அச்சுக் கட்டையின் நீளமே பதினொன்றே மூன்றில் இரண்டு அங்குலந்தான். அச்சே பாதத்தைவிடக் குறுகியதென்றால், பையன் குதியை மடிக்காமல் வேறென்ன செய்வான்?

ஒரு சனிக்கிழமை அவனையும் தாயாரையும் அழைத்துக்கொண்டு நானே புறப்பட்டேன். நுவரெலியாவில் ஐந்து கடைகள் ஏறினோம். குளிர் ஆடைகள் விற்கும் பஜாரில் 47 என்று பொறித்த சோடி ஒன்று கண்ணிற்பட்டது. செம்மஞ்சள் நிறம், மலையேறுவோர் அணிவது, விலை ஒன்பதாயிரம் ரூபாய். தாயார் விலையைக் கேட்டுவிட்டு அதைத் தொட்ட கையை மெல்ல எடுத்துக்கொண்டார். பின்பு தலவாக்கலை வழியாக பஸ்ஸில் ஹட்டனுக்குச் சென்றோம். அங்கே எனக்குப் பழக்கமான கடைக்காரர் ஒருவர் உண்மையை ஒளிக்காமல் உரைத்தார்.

"என்ன நானா, பன்னிரண்டே கிடையாதா?" என்று கேட்டேன்.

"மாஸ்டர், எங்களுக்குப் பெட்டி பெட்டியாகத்தான் வரும். ஆறிலிருந்து பத்து வரை கலந்திருக்கும். பன்னிரண்டில் ஒரு சோடி வாங்கி வைத்தால், அடுத்த பெருநாள் வரை அது என் முகத்தையும் நான் அதன் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனி அச்சு வேண்டும். நடுத்தர இலக்கங்கள் ஆயிரக்கணக்கில் விற்கும். ஓரத்து இலக்கங்கள் முதலை முடக்கும். 2024ஆம் ஆண்டின் இறுதியில், 250 பேருக்குக் குறைந்த மாணவர்கள் பயிலும் பாடசாலைகளுக்கு 3000 ரூபாய்ப் பெறுமதியான பாதணி வவுச்சர் வழங்க அரசாங்கம் தீர்மானித்தது. நற்பணியே. ஆயினும் வவுச்சர் விலையைத் தரும், இலக்கத்தைத் தராது.

நீளம் மட்டுமா? அகலமும் உண்டு. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை இந்தியாவெங்கும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியரின் பாதங்களைவிட இந்தியரின் பாதங்கள் அகலமானவை என்பது அதன் முடிபு. பெண்பிள்ளைகளின் பாத வளர்ச்சி ஏறக்குறையப் 11 வயதிலும், ஆண்பிள்ளைகளுடையது 15, 16 வயதிலும் உச்சத்தை எட்டுவதாகவும் கண்டனர். அந்நிறுவனம் வகுத்த புதிய அளவு முறைக்கு 'பா' என்று பெயர். அந்நிய அச்சில் வார்த்த சப்பாத்து நம் பிள்ளைகளின் சிறுவிரலைக் கடிப்பதற்குக் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

"வெறுங்காலோடு நடந்தால்தான் என்ன? நம் பாட்டனார் நடக்கவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். அதிலும் ஓரளவு உண்மையுண்டு. இந்தியாவில் 2300 சிறுவர்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட முடிவின்படி, பாதணி அணிந்தவர்களுள் தட்டைப் பாதம் 8.6 சதவீதம்; அணியாதவர்களுள் 2.8 சதவீதமே. ஆனால் நம் பாட்டனார் செலுத்திய விலையையும் நினைக்க வேண்டும். கொக்கிப் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடலுட் புகுவது. 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையார் இலங்கைக்கு வந்து, தோட்டங்களில் அந்நோயை ஒழிக்கும் பணியைத் தொடங்கும் அளவுக்கு அது நம்மவர் குருதியைக் குடித்திருந்தது. குளிரும் மழையும் அட்டையும் மிகுந்த இம்மலைகளில் பாதணி ஆடம்பரமன்று, காப்பு.

கதைக்கு வருவோம். மாலையாகிவிட்டது. பஸ் நிலையத்தை நோக்கித் திரும்பும் வழியில், கடையொன்றின் தாழ்வாரத்தில் முதியவர் ஒருவர் சப்பாத்துத் தைத்துக்கொண்டிருந்தார். "ஐயா, இந்தப் பிள்ளையின் காலுக்கு ஒரு சோடி செய்து தர முடியுமா?" என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பையனின் பாதத்தைத் தம் முழங்கால்மேல் தூக்கி வைத்தார். இரு கால்களையும் அட்டையில் வரைந்தார். விரலடியிலும் புறங்காலிலும் நாடாவைச் சுற்றினார். "இடது கால் ஒரு நூல் பெரிசு. கட்டையில் தோல் ஒட்டிச் சரிப்பண்ணிடலாம்" என்றார். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், இரண்டு தவணை, மூன்று வாரம். நான் பணப்பையைத் திறந்தபோது, "வேணாங்க சேர், எம் புள்ள காலுக்கு நானே குடுத்துக்கிறேன்" என்று தாயார் தடுத்துவிட்டார். 2024இல் தோட்ட நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் அத்தொகை மூன்று நாளைக்கு மேற்பட்ட உழைப்பு என்பதை நான் எண்ணிப் பார்த்தேன்.

அந்த மூன்று வாரத்துக்கு அவன் செருப்பணிந்து வர அனுமதி வேண்டினேன். அதிபர் மனமுவந்து இசைந்தார். அதன்பின் ஒரு திங்கட்கிழமை, கூட்டத்தின் கடைசி வரிசையில், குதி மடியாத வெள்ளைச் சப்பாத்துடன் அவன் நிமிர்ந்து நின்றான். எல்லார் முன்னிலையிலும் கண்டித்த நான், எல்லார் முன்னிலையிலுமே அவனிடம் வருத்தம் தெரிவித்தேன்.

பின்னர் வகுப்புத்தோறும் பிள்ளைகளின் பாத வரைபடங்களைச் சேர்த்தோம். கடையில் அளவு கிடைக்காதவர்கள் பதினொரு பேர். அவர்களுள் பெண்பிள்ளைகள் நால்வர். ஒரு சோடிக்கு அசையாத வணிகர், பதினொரு சோடிக்கு அசைந்தார். விடுமுறைக்கு முன்பே எல்லாம் வந்து சேர்ந்தன. பிற பாடசாலைகளும் இதனைச் செய்து பார்க்கலாம்.

பெற்றோருக்கும் சில சொற்கள். பிள்ளையின் காலை மாலையில் அளவுங்கள். பகலெல்லாம் நடந்த கால் சிறிது பருத்திருக்கும். நிற்க வைத்தே அளவுங்கள். இரு கால்களுள் பெரியதற்கே வாங்குங்கள். நெடுவிரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கட்டும். "போகப் போகத் தளர்ந்துவிடும்" என்ற சொல்லை நம்பாதீர்கள். தளர்வது பெரும்பாலும் காலேயன்றிச் சப்பாத்தன்று.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒன்று. செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று கேட்பது நம் மரபு. பிள்ளை ஒழுங்கை மீறுகிறான் என்று தோன்றும்போது, அந்த ஒழுங்கு அவன் அளவில் கிடைக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.