கிழவர் விடுதியும் பூஜை அறையும்

நம் விருத்தாசலத்திற்கு விருத்தகாசி என்றும் ஒரு பெயர் உண்டு. அங்கு செத்தால் காசியில் செத்த பலன் என்று ஸ்தல புராணக்காரர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். செத்த பிறகு போய்ச் சேரும் இடத்திற்கு இவ்வளவு சுலபமாக வழி சொன்னவர்கள், சாவதற்கு முன் வருஷக் கணக்கில் படுக்கையில் கிடக்கும் கிழவிக்கு மலஜலம் எடுப்பது யார் என்று சொன்னதாகக் காணோம்.

கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் சென்னைக்கும், சிங்கப்பூருக்கும், அரபு நாடுகளுக்கும் பிழைக்கப் போய்விட்டபடியால், "முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா? எது நல்ல இல்லம்?" என்று தோழர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். உடனே வைதீகர்கள், "பெற்றோரை வெளியே விடுவது மகாபாவம், வீட்டில் வைத்துப் பார்ப்பதே நமது தர்மம்" என்று கூச்சல் போடுகிறார்கள். அந்தத் தர்மத்தை வீட்டில் செய்வது யார் என்று கேட்கின்றோம். பிள்ளையாண்டானா? அவன் திண்ணையில் உட்கார்ந்து தாயின் பெருமை பேசுவான். துணி அலசுவதும், புண் கழுவுவதும், ராத்திரி விழிப்பதும், வசவு வாங்குவதும் மருமகள்! 'புத்' என்னும் நரகத்திலிருந்து கரையேற்றுகிறவனுக்குத்தான் புத்திரன் என்று பெயராம். கண்ணுக்குத் தெரியாத நரகத்திற்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆண்பிள்ளை; கண்ணுக்குத் தெரிந்த படுக்கைப் புண்ணுக்கு ஊரான் வீட்டுப் பெண்! ஆகவே இல்லத்தில் சேர்ப்பது பாவமுமல்ல, அவமானமுமல்ல. எப்படிப்பட்ட இல்லம் என்று பாராமல் சேர்ப்பதுதான் அக்கிரமம்.

நிற்க. நம்மவர்கள் பார்க்கும் லக்ஷணம் என்ன? வாசலில் பிள்ளையார் இருக்கிறாரா, சிலுவை இருக்கிறதா, காலையில் பஜனை உண்டா, நடத்துகிறவர் காவியா வெள்ளையங்கியா என்பதுதான். பிறந்தநாளுக்கு ஒருவேளைச் சோறு போட்டுப் படம் பிடித்துக்கொண்டு வருகிற புண்ணியவான்களும் அவ்வளவோடு சரி.

இதன் பலன் நமக்கு அடுத்த ஜில்லாவில் தெரிந்தது. விழுப்புரம் ஜில்லா குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் என்று ஒன்று நடந்து வந்தது. பெயரில் அன்பும் உண்டு, ஜோதியும் உண்டு, ஆசிரமமும் உண்டு. முறையான உரிமம்தான் இல்லை! அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணோம் என்று ஹைகோர்ட்டுக்கு வழக்குப் போயிற்று. அதன்பிறகே 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்து 140 பேருக்கு மேல் மீட்டார்கள். அடித்தார்கள், பெண்களைக் கெடுத்தார்கள், பலரைக் காணோம் என்றெல்லாம் குற்றச்சாட்டுகள் எழுந்து, சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போயிற்று. ஒரு மனிதன் கோர்ட்டு ஏறாதிருந்தால் அன்னதானம் நடந்துகொண்டேயிருந்திருக்கும்.

ஆதலால் தோழர்களே, இல்லத்திற்குப் போனால் பூஜை அறையைப் பார்க்காதீர்கள். படுத்திருக்கும் கிழவரின் முதுகைப் பாருங்கள். இடுப்பின் அடி, குதிகால், தொடைச் சந்து இவற்றில் புண் இருக்கிறதா? எழ முடியாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதே பராமரிப்பின் அரிச்சுவடி. படுக்கைப் புண் பெரும்பாலும் நோயின் குற்றமல்ல, பார்க்கிறவரின் குற்றம் என்ற கருத்தைப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859லேயே எழுதிவிட்டார். உதடு வறண்டிருக்கிறதா என்று பாருங்கள். வயதானால் தாக உணர்ச்சி குறையும். கேட்டால்தான் தண்ணீர் என்றால் அவர்கள் கேட்கவே மாட்டார்கள். பட்டப்பகலில் எல்லோரும் தூங்கினால் என்ன மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள். கட்டிலில் கட்டிய தடம் கையில் உண்டா? ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள்? எல்லாவற்றிற்கும் மேலாக, சொல்லாமல் போங்கள். சாப்பாட்டு வேளையில் போங்கள். "முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள்" என்கிற இல்லத்தில் உங்கள் தாயை விடாதீர்கள்.

இது நமது குதர்க்கமல்ல. அமெரிக்காவில் 1987ல் சட்டம் செய்து, அரசாங்கப் பணம் பெறும் இல்லங்களில் முன்னறிவிப்பில்லாமல் சோதனை போடவும், வசதிக்காகக் கிழவரைக் கட்டிப் போடாமலிருக்கவும் ஏற்பாடு செய்தார்கள். 2008 முதல் நக்ஷத்திர மதிப்பும் போடுகிறார்கள். ஆள்கணக்கை இல்லக்காரர்களே எழுதிக் கொடுத்தவரையில் அந்த நக்ஷத்திரமும் நமது ஜோசியர் நக்ஷத்திரம் போலத்தான் இருந்தது. பிறகு சம்பளப் பட்டியலைக் கேட்டு வாங்கினார்கள்.

நமக்கும் 2007ல் ஒரு சட்டம் வந்தது. பெற்றோரைக் காப்பாற்ற வேண்டியது பிள்ளைகளின் கடமை. ஜில்லா தோறும் குறைந்தது 150 ஏழை முதியவர்களுக்கு அரசாங்கம் இல்லம் ஏற்படுத்தலாம் என்கிறது. பிள்ளைக்கு 'வேண்டும்', சர்க்காருக்கு 'லாம்'! இந்த இரண்டெழுத்துச் சந்தில்தான் ஆசிரமக்காரர்கள் புகுந்துகொள்கிறார்கள். அடுத்த முறை சட்டசபைக்கு நிற்கிறவர் கம்மாபுரத்திற்கு வந்து கிழவிகள் காலில் விழுந்து ஓட்டுக் கேட்கும்போது, கடலூர் ஜில்லாவின் 150 கட்டில்கள் எங்கே, அவற்றைக் கடைசியாகச் சொல்லாமல் போய்ப் பார்த்தது எந்த அதிகாரி, எந்தத் தேதியில் என்று கேளுங்கள்.